இரும்பு எடுக்க ஓடாதவள்

பாப்பா,

உன் ஸ்பேனர் கிடைத்துவிட்டது.

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கிவைத்தார்கள். திறந்து பார்த்தால், என் கல்யாணப் புடவைக்கு அடியில், நீ பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்தது சுற்றியபடியே இருந்தது. பிரித்ததும் கிரீஸ் வாடை. இத்தனை காலத்துக்குப் பிறகும் அது போகவில்லை. வெள்ளையடிக்கிறவர் அதை வாங்கிக் கையால் எடை பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நகை வெக்கிற எடத்துல லாரி சாமான வெச்சிக்கினு இருக்கீங்க" என்று கேட்டார். எங்கிருந்து ஆரம்பித்து எதைச் சொல்வது? என் நாத்தனார் பத்திரப்படுத்தினது என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அறுபதுகளில் கடம்பத்தூருக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது, ஊரே உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. உனக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சீப்பு யாருடையது, தலைகாணி யாருடையது என்று முதல் சில மாதம் நாம் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா? உன் அண்ணன் பாவம், யார் பக்கம் பேசினாலும் வம்பு என்று வயலுக்குப் போய்விடுவார். பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவள் தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் ஒருநாள், முறத்தைப் பிடித்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே சாய்ந்துவிட்டேனாம்.

"விட்டேனாம்" என்றுதான் சொல்ல முடியும். வலிப்பு ஒரு விசித்திரமான சொத்து. வந்ததெல்லாம் எனக்கு, பார்த்ததெல்லாம் மற்றவர்கள். எனக்குத் தெரிந்தது கண் விழித்த பிறகு நடந்தது மட்டும். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும், நாக்கு கடிபட்டிருக்கும், கையில் ஏதாவது ஓர் இரும்பு இருக்கும்.

நம் பக்கத்தில் யாருக்கு வலிப்பு வந்தாலும் கையில் இரும்பைத் திணித்தால் நின்றுவிடும் என்பார்கள். அதனால் நான் விழுந்ததும் வீட்டில் ஒரு ஓட்டப் பந்தயமே நடக்கும். என் மாமியார், அதாவது உன் அம்மா, உள்ளறை ஆணியில் மாட்டிய சாவிக்கொத்துக்கு ஓடுவார். உன் அண்ணன் மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவார். நீ வெங்காயம் நசுக்கி மூக்கில் காட்ட அடுக்களைக்கு ஓடுவாய். ஒருமுறை கண் விழித்துப் பார்த்தால் நெஞ்சின் மேல் கடப்பாரை கிடக்கிறது. வலிப்பில் பிழைத்தவள் கடப்பாரையில் போய்ச்சேர்ந்திருப்பாள் என்று நீ உன் அண்ணனை எத்தனை வருஷம் கிண்டல் செய்தாய்.

வெளியில் விழுந்தால் இன்னும் வேடிக்கை. பூட்டு, பாக்குவெட்டி, சைக்கிள் செயின் என்று யார் கையில் எது அகப்பட்டதோ அது என் கைக்கு வந்துவிடும். மறுநாள் நீதான் அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாய். மளிகைக் கடைக்காரரின் எடைக்கல்லை நீ திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவர் அதுவரை பருப்பைக் கையாலேயே மதிப்புப் போட்டு விற்றுக்கொண்டிருந்தாராம். "அண்ணி, ஊர் சனம்லாம் உனக்குதான் கும்பிடு போட்டுது. ஒரு பிடி கூடவே விழுந்துதாம்" என்று வந்து சொன்னாய்.

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் நீ என்னை அந்த நாட்களில் நிமிர்த்தி வைத்திருந்தாய். சிரிக்க முடியாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. அது உனக்குத் தெரியும். என் மகளை நான் தூக்கக் கூடாது.

உன் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பயந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும்போது விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும்தான் இருந்தது. பாயைப் போட்டு நான் உட்கார்ந்துகொண்டால், யாராவது பக்கத்தில் இருந்தால், பிள்ளையை மடியில் விடுவார்கள். நான் எழுந்திருக்கும் முன் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. வீட்டில் மற்ற எல்லாரையும் பார்த்துத் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுவாள். என்னைப் பார்த்தால் மட்டும் சுவரில் சாத்தியிருந்த பாயைக் காட்டுவாள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான், இந்த நோயை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்ததை உன்னிடம் சொல்லக்கூட இல்லை. நீயாகவே தாவணியை மாற்றிக்கொண்டு வந்து நின்றாய்.

அதன் பிறகு நாம் சுற்றாத இடமில்லை. ஒருவர் காற்று கருப்பு என்றார், ஒருவர் வாய்க்கால் ஓரத்துப் புளியமரம் என்றார், இன்னொருவர் நான் எதையோ தாண்டிவிட்டேன் என்றார். திருவள்ளூரில் ஒரு டாக்டர் தூங்குகிற மாத்திரை கொடுத்தார். நாள் முழுக்கத் தூங்கினேன், தூக்கத்திலும் வலிப்பு வந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நிறுத்தத்தான் யாருக்கும் தெரியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆந்திராவுக்கும் போனோம். அவர் ஒரு கறுப்புப் பொடியைக் கொடுத்து, கத்தரிக்காயைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார். என் பங்குக் கத்தரிக்காயை அத்தனை மாதமும் எனக்காகவே தின்பதாகச் சொல்லி நீதான் தின்றாய். அதில் உனக்கு என்ன தியாகம் வேண்டிக் கிடந்தது என்று உன் அம்மாவே கேட்டார்.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் ஸ்பேனர் வந்தது. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருக்க, பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடிக்கப் போன நான் ரோட்டோரத்தில் விழுந்துவிட்டேன். ஒரு தெலுங்கு டிரைவர் குதித்து வந்து, சக்கரம் கழற்றும் ஸ்பேனரை என் கையில் திணித்திருக்கிறார். நான் கண் விழிப்பதற்குள் கேட் திறந்து வரிசை நகர்ந்துவிட்டது. நீ ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அந்த லாரிக்குப் பின்னால் ஓடினாய். தாவணிப் பெண் ஒருத்தி கையில் ஸ்பேனரோடு லாரியைத் துரத்துகிறாள் என்றதும் செக்போஸ்ட் காவலாளி உன்னை மறித்து, "இன்னாம்மா, டப்பு குடுக்காம ஓட்றானா? நம்பர் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். டிரைவரோ தலையை வெளியே நீட்டி, நீயே வைத்துக்கொள் என்று தெலுங்கில் கத்திக்கொண்டே போய்விட்டார். நீ மூச்சு வாங்கத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாய். மண்ணில் கிடந்தபடி நானும் சிரித்தேன். அந்த மனிதர் ஒருநாள் இந்த வழியாக வருவார், அப்போது கொடுக்க வேண்டும் என்றுதான் நீ அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாய்.

கடைசியில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாம் நான்கு பேரும் போனோம். டாக்டர் வயதானவர், மெல்லப் பேசினார். முதலில் என்னைக் கேட்டார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களைக் கேட்டார். வலிப்பு எந்தக் கையில் ஆரம்பிக்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று. உன் அம்மா வலது கை என்றார், உன் அண்ணன் இடது என்றார். நீ இரண்டும் என்றாய். அங்கேயே வாக்குவாதம் ஆகிவிட்டது. உன் அம்மா, தான் சாவியை எடுக்க உள்ளே போயிருந்ததாக ஒத்துக்கொண்டார். உன் அண்ணன் கொட்டகையில் இருந்திருக்கிறார். நீ அடுக்களையில். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு பக்கத்துல யாரும்மா இருந்தது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக, நான் விழுந்த ஒவ்வொரு முறையும் என் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் எல்லாரும் என்னை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். எதனால் வருகிறது என்று உன் அண்ணன் கேட்டதற்கு, தெரியவில்லை என்று டாக்டர் நேராகச் சொன்னார். காரணம் தெரியாவிட்டாலும் நிறுத்தப் பார்க்கலாம், அடுத்த முறை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்து வந்து சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்றார். தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர் அவர்தான், அதனால் அவரை நம்பலாம் என்று வெளியே வந்ததும் நீ சொன்னாய்.

திரும்பும் ரயிலில் திருநின்றவூர் தாண்டியதும் நீ என் காதருகே குனிந்து சொன்னாய்: "அடுத்த தபா நான் எங்கியும் ஓட மாட்டேன் அண்ணி. உன்னாண்டயே குந்திக்குவேன்."

அந்த அடுத்த தபா நெல் அவிக்கிற நாளில் வந்தது. பிறகு கேள்விப்பட்டதை வைத்துச் சொல்கிறேன். உன் அம்மா சாவி சாவி என்று கத்துகிறார், உன் அண்ணன் கொட்டகைக்கு ஓடிவிட்டார். நீ என்னை அடுப்பை விட்டு இழுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். அப்படி உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிற்பாடு எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஓடுவது சுலபம் அண்ணி, ஓடினால் எதையோ செய்கிற மாதிரி இருக்கும் என்றாய். நான் கண் திறந்தபோது கையில் ஒன்றுமே இல்லை. உன் முகம் வெகு கிட்டத்தில் இருந்தது, வியர்த்திருந்தது.

"எழுந்துட்டியா? ஒண்ணும் ஆவல. நான் இங்கதான் குந்திக்கினு இருந்தேன்."

நான் அழுதேன். வலியில் இல்லை. அதுவரை ஒவ்வொரு முறையும் எங்கோ தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருகிறவளாகத்தான் இருந்தேன். திரும்புகிற இடத்தில் ஒருத்தி காத்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் நீ செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாயால் சொன்னால் போதாது என்று, டாக்டர் அறையில் தரையில் படுத்து நடித்தே காட்டினாய். முதலில் இடது கட்டைவிரல் துடித்தது, பிறகு இடது வாயோரம் இழுத்தது, தலை அந்தப் பக்கம் திரும்பியது, அதற்குப் பிறகுதான் கைகால் முழுதும். என் வலிப்பை என் கண்ணால் நான் பார்த்தது அப்போதுதான். டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வாசலில் இருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தவர், ஓடோடி வந்து தன் இடுப்புச் சாவிக்கொத்தை உன் கையில் திணித்துவிட்டார். நீயும் வலிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்து, "ரொம்ப தேங்க்ஸ் நைனா" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாய். இரும்பின் மகிமையை அந்த மனிதர் அன்றிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

நீ காட்டியதைப் பார்த்துத்தான் அவர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார். அதில் ஈறு வீங்கியது. "உன் பல்லெல்லாம் ஒளிஞ்சிக்கிச்சி, சிரிச்சா வெளிய கூப்டணும்" என்றாய். ஆனாலும் வலிப்பு குறைந்தது. அடிக்கடி வந்தது மாதம் ஒன்று என்று ஆயிற்று. அதற்கு மேல் குறையவில்லை. டாக்டர் அளவைக் கூட்டிப் பார்த்தார், அப்போதும் மாதம் ஒன்று தவறாமல் வந்தது. உன் அம்மா பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உட்கார்ந்து பார்க்கப் பழகிய கண் அல்லவா உனக்கு, அதையும் நீதான் கண்டுபிடித்தாய். வலிப்பு வந்ததெல்லாம் கிருத்திகைக்கு மறுநாள்தான். எனக்குக் குணமாக வேண்டும் என்று திருத்தணி முருகனுக்கு உன் அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். மாதா மாதம் கிருத்திகைக்கு நான் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பேன். தண்ணீரே கிடையாது என்னும்போது மாத்திரை ஏது? அன்றைக்கு முழுதும் விழுங்குவதில்லை. நோய் தீர இருந்த விரதமே நோயை மாதா மாதம் வரவழைத்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இனி இதை உன் அம்மாவிடம் யார் சொல்வது? முருகன் விரதத்தை விடு என்றால் வீடு இரண்டுபடும்.

நீ சண்டையே போடவில்லை. அடுத்த கிருத்திகை அன்று குளித்துவிட்டு வந்து, முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் விபூதியும் அதன் நடுவில் என் மாத்திரையையும் வைத்தாய். கற்பூரம் காட்டினாய். தட்டை உன் அம்மாவிடம் நீட்டினாய்.

"சாமி பிரசாதம்மா. பிரசாதம் துன்னா விரதம் கெட்டுப் பூடுமா?"

உன் அம்மா படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். நீ சூது செய்கிறாய் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாத்திரையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, தன் கையாலேயே என் வாயில் போட்டு, தீர்த்தம் என்று சொல்லி ஒரு வாய்த் தண்ணீரும் கொடுத்தார். அதிலிருந்து என் மாத்திரை தினமும் முருகன் காலடியில்தான் இருந்தது. நான் மறந்தாலும் உன் அம்மா மறந்ததில்லை.

மறுநாள் வலிப்பு வரவில்லை. அடுத்த கிருத்திகைக்கும் வரவில்லை. நாம் அதைப் பற்றிப் பேசவே பயந்தோம். பிறகு ஓர் ஆடிக் கிருத்திகைக்கு வீடே திருத்தணிக்குக் கிளம்பியது. கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் அடிபிடியாகக் கூட்டம். உன் அம்மாவின் ஒரு கையில் பூக்காவடி, இடுப்பில் என் மகள். இடுப்பில் ஏற்றும் வயதைத் தாண்டிக்கொண்டிருந்தாள், காலெல்லாம் தொங்கியது. ரயில் வந்து நின்றதும் எல்லாரும் முண்டியடித்தார்கள். காவடியைக் காப்பாற்ற வேண்டிய அவசரத்தில் உன் அம்மா திரும்பி, "இவள புடி" என்று பிள்ளையை என் மேல் தள்ளிவிட்டு ஏறிவிட்டார்.

நானும் ஏறிவிட்டேன். உட்கார இடமில்லை. ஓடுகிற ரயிலில் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததில்லை. கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாய் இல்லியே" என்றாள்.

நீ சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது சிரிப்பா அழுகையா என்று இன்று வரை நான் கேட்கவில்லை. உன் அம்மா அப்போதுதான் கவனித்தார். வாங்க நீட்டிய கையைக் காவடிக்கே கொண்டுபோனார். பிறகு, "நல்லா புடி. காலத் தொங்கப் போட்டுக்கினு வர்றா பாரு" என்றார். அதற்குப் பிறகு என் மகளை என்னிடமிருந்து யாரும் வாங்கவில்லை. அரக்கோணம் வருவதற்குள் கை மரத்துவிட்டது. அப்படியும் இறக்கிவிட மனசு வரவில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது, இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கு உன்னைக் கொடுத்தோம். நான் முதன்முதலில் உன் வீட்டுக்கு வந்தபோது நீ என்னை வாசலில் நிறுத்தி, எதிரே லாரி லாரியாக இறங்கும் இரும்பைக் காட்டினாய். "பாரு அண்ணி. இந்த ஊர்ல நீ தாராளமா வுழலாம். இரும்புக்குப் பஞ்சமே இல்ல" என்றாய். நான் விழவில்லை. மாத்திரையை இன்றும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். எதனால் வந்தது என்று இன்றும் யாருக்கும் தெரியாது.

ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த மடல். உன் காரியத்துக்கு வந்துவிட்டு நானும் என் மகளும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். கம்பெனி உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண் எங்கள் எதிரிலேயே விழுந்தாள். நீ சொன்னது சரிதான், இரும்புக்குப் பஞ்சமே இல்லை. நாலா பக்கமும் ஓடினார்கள். பைக் சாவி வந்தது, கட்டிங் பிளேயர் வந்தது. என் முழங்கால் இப்போதெல்லாம் மடங்குவதில்லை. ஆனாலும் மடக்கினேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் மகளின் துப்பட்டாவைத் தலைக்கடியில் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வலது கைதான் முதலில். கண் மேலே சொருகி வலது பக்கம் போயிற்று. டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கூட வந்த தோழிக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். கையில் யாருடையதோ பைக் சாவி. அதைப் பார்த்து மிரண்டாள், பிறகு சுற்றி நின்ற கால்களை. எனக்கு அந்த மிரட்சி தெரியும். குனிந்து, அவள் முகத்துக்குக் கிட்டே போய்ச் சொன்னேன்.

"எழுந்துட்டியா கண்ணு? ஒண்ணும் ஆவல. நான் இங்கதான் குந்திக்கினு இருந்தேன்."